சிபியு அக்காவின் நெயில் பாலிஷ்

மொபெட் சத்தம் ரயில்வே கேட் பக்கம் கேட்கும்போதே அம்மா எழுந்துவிடுவாள். அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு வந்து, கம்ப்யூட்டர்மேல் தன் பழைய புடவை ஒன்றை இழுத்துப் போர்த்துவாள். கண் பட்டுவிடும் என்று கைக்குழந்தையை மறைக்கிற மாதிரி இருக்கும். அதற்குள் மொபெட் வாசலுக்கு வந்து நின்றிருக்கும்.

"இன்னாம்மா, மிஷினுக்குக் குளுரா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா உள்ளே வருவார். புடவையை எடுத்து நான்காக மடித்து ஓரமாக வைப்பார். கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால், எங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும்.

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் அவரை சிபியு அக்கா என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை நாங்கள் எல்லோரும் சிபியு என்போம். "சிபியு உள்ள இத்தினியூண்டு கீது. இது வெறும் பொட்டி" என்று அவர் ஒவ்வொருவரையும் திருத்துவார். திருத்தித் திருத்தி அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவருடைய அண்ணனுக்கு வலை, கயிறு, பெயின்ட் விற்கிற கடை. கடையின் பின்பக்கம், நைலான் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் ஒரு மேசை போட்டிருப்பார். எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் பாதி அந்த மேசையில் பிறந்தவை. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வேலையின் நடுவில் முக்காடு நழுவினால், ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சரிசெய்துகொள்வார். அப்படிக் கடித்துக்கொண்டே பேசவும் செய்வார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நைனாவுக்கு இரும்பு உருக்கும் ஆலையில் பர்னஸ் பக்கத்தில் வேலை. எனக்குச் சென்னைக்குப் போய் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர வேண்டும். அதற்கு லினக்ஸ் தெரிய வேண்டும் என்றார்கள். லினக்ஸ் தெரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் வேண்டும். ஷோரூமில் கொடுத்த விலைப் பட்டியலை ஒரே ஒருமுறை பார்த்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனேன்.

"மிஷினை வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"லினக்ஸ் கத்துக்கணும்க்கா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் வருகிற யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் விண்டோஸ்தான் கேட்பார்கள். "காப்பி சிடி போட்டுக் குடுங்க, எல்லாக் கடையிலயும் போடறாங்களே" என்பார்கள். அவர் போட மாட்டார். "காசு குடுத்து வாங்க உன்னால முடியாது. திருட என்னால முடியாது. இதைச் சும்மா குடுக்குறான், எடுத்துக்கச் சொல்லியே குடுக்குறான். எடுத்துக்கறதுக்கு இன்னா வெக்கம்?" என்று கேட்பார். இதனாலேயே பாதி ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் லினக்ஸ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சென்னையில் ஆபீஸ்கள் கழித்துப்போடும் மிஷின்களிலிருந்து நல்ல பாகங்களாகப் பார்த்து ரிச்சி தெருவில் பொறுக்கிக்கொண்டு வருவார். அவற்றை வைத்து ஒரே மத்தியானத்தில் எங்கள் பெட்டியைக் கட்டி முடித்தார். மூடுவதற்கு முன்னால் மேசை டிராயரிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்றை எடுத்தார். போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றிலும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"சிவப்பு உன்னுது. ஊதா பொன்னேரி. பச்ச வேப்பம்பட்டு" என்றார். ஆட்களை அவர் ஊர் பெயரால்தான் சொல்வார். டிராயரில் ஏழெட்டு நிறங்களில் பாட்டில்கள் உருண்டன. ஆனால் அவர் விரல் நகங்கள் வெறுமையாக இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நகத்துல பூசுனா தண்ணி படாது தம்பி. தொழுவறதுக்கு முன்னால கை கழுவுனது கணக்கே இல்லாம பூடும். இதெல்லாம் மிஷினுக்குத்தான்" என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு எண் விறுவிறுவென்று ஏறும். எவ்வளவு ரேம் இருக்கிறது என்று மிஷின் தன்னைத்தானே எண்ணிப் பார்க்கிற எண் அது. இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் சொச்சத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் மாதம் அதை வேடிக்கையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். காரணம், அக்காவிடம் இருந்த ஒரே ஒரு குணம்.

விற்றுவிட்ட கம்ப்யூட்டர் இன்னொருவருடையது என்பது அவர் மனதில் ஏறவே இல்லை. அவருக்கு எங்கள் எல்லோருடைய மிஷின்களும் சேர்ந்து ஒரே மிஷின். அது ஊர் ஊராகக் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தது, அவ்வளவுதான். இந்த வாரம் யாருக்கு எது அவசரமோ, அது அங்கே போகும். வேப்பம்பட்டில் ஒரு பெண்ணுக்கு காலேஜ் பிராஜெக்ட் என்றால் எங்கள் சிடி டிரைவ் அங்கே போய்விடும். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வருவார். அம்மாவுக்கு அவரிடம் மறுத்துப் பேச வராது. நான் வந்ததும் முகத்தைப் பார்க்காமல், "அந்த அக்கா வந்துச்சுடா" என்பாள்.

"இன்னாம்மா எடுத்துக்கினு போனாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பச்சையா, தகடாட்டம். வந்துரும்னு சொல்லிச்சு."

வந்துரும். அதுதான் அவருடைய வார்த்தை. யார் கொண்டுவருவார்கள், எப்போது என்றெல்லாம் சொல்ல மாட்டார். பூனை வீடு திரும்புகிற மாதிரி அதுவே வந்துவிடும் என்பதுபோலச் சொல்வார். பெரும்பாலும் வந்தும்விடும். வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "காப்பி சிடியே போட மாட்றீங்க. ஊட்ல இருக்கிறதைக் கேக்காம எடுக்குறீங்களேக்கா?"

பல்லில் ஸ்க்ரூ டிரைவரோடு, "எங்கடா எடுத்தேன்? நவுத்துனேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் கம்மியா வச்சாலும் லினக்ஸ் தாங்கும். உனக்குத்தான் தாங்கல."

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேறொரு கண்டமும் இருந்தது. ஆலையில் பர்னஸ் உலையை ஏற்றும்போது வோல்டேஜ் இறங்கி எங்கள் தெருவில் டியூப்லைட் கண்ணடிக்கும், ஃபேன் முனகும், கம்ப்யூட்டர் செத்து மறுபடி எழும். எங்கள் சோற்றுக்கு நைனா உருக்கிய இரும்பே என் படிப்பின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா அதையும் கழற்றி மாட்டுகிற விஷயமாகத்தான் பார்த்தார். "உங்க நைனா அங்கதான கீறாரு? பர்னஸ் போடறதுக்கு முன்னால ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லு. நீ அணைச்சிக்கோ." அன்றிலிருந்து மேஸ்திரியின் செல்போனிலிருந்து நைனா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். நான் பாய்ந்து போய் அணைப்பேன். சில நாள் அவர் மறந்துவிடுவார்.

அப்படி மறந்த ஒரு நாளில்தான் ஹார்ட் டிஸ்க் அடிவாங்கியது. உள்ளே பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. நான் படித்தது, எழுதிவைத்தது எல்லாம் அதற்குள் இருந்தது. அக்கா வந்து காதை வைத்துக் கேட்டார். கழற்றி முக்காட்டின் முனையில் முடிந்துகொண்டு போனார். இரண்டு நாளில் கொண்டுவந்து மாட்டினார். என் பைல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"சரி பண்ணிட்டீங்களாக்கா?"

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்பால இன்னா?"

அந்த வாரம் அவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் வெறும் சிடியிலிருந்தும் ஓடும், ஆனால் அதற்கு ரேம் நிறைய வேண்டும் என்று. நான் அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். ஏன் சொன்னார் என்று யோசிக்கவில்லை.

சென்னையில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்த கட்டமாக ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலேயே மெயில் சர்வர் ஒன்றை அமைத்து, வெள்ளிக்கிழமை காலையில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தால் போதும். அவர்கள் மிஷினில் மாட்டிப் பார்ப்பார்கள். காண்ட்ராக்ட் வேலையிலிருந்து தப்பிக்க எனக்கிருந்த ஒரே கதவு அது. நைனாவிடம் மிஸ்டு காலை மறக்கக்கூடாது என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அம்மாவிடம், யார் வந்தாலும் பெட்டியைத் தொடவிடாதே என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் எண் ஏறியது. அறுபத்தைந்தாயிரத்தில் நின்றுவிட்டது.

"அம்மா!"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொன்னேன்டா. புள்ளைக்குப் பரிச்சன்னு சொன்னேன். பரிச்சைக்கு இதுவே தாங்கும், வந்துரும்னு..."

பெட்டியைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி வைத்த ரேம் இல்லை. அதன் இடத்தில் கால்பங்கு அளவுள்ள ஒன்று இருந்தது. சர்வரை ஓடவிட்டால் மிஷின் அப்படியே உறைந்து நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் கும்மிடிப்பூண்டிக்குப் போன வேகத்தை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. ஹைவேயில் லாரிகள் ஹாரன் அடித்தபடியே கடந்தன.

கடையில் அவருடைய அண்ணன் கயிறு அளந்துகொண்டிருந்தார். வலை வாங்க வந்த நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அக்கா பின்பக்கத்திலிருந்து வந்து, "வா தம்பி, சோறு துன்னியா?" என்றார்.

"ரேம் எங்க?"

"பொன்னேரில கீது. வந்துரும்டா."

"காப்பி சிடி போட்டா திருட்டுன்னு சொல்ற வாயி, ஊடு பூந்து எடுக்கிறதுக்கு இன்னா பேரு வச்சிக்கீது?"

கயிறு அளந்த கை நின்றது. அக்காவின் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "குந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேலே நான் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர், சிவப்புப் புள்ளி வைத்த ரேமை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே உன் மிஷின் உன் மிஷின்" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மாலைக்குள் சர்வர் ஓடியது. மிஸ்டு கால் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் அணைத்தேன். எல்லாம் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றி வெளியே இழுத்துத் திருப்பினேன்.

அடிப்பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. ஊதா.

சிவப்பை எங்கெங்கோ தேடினேன். ஊதாவுக்கு அடியில் இருக்குமோ என்று நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தேன். இல்லை. அது பொன்னேரி மிஷினின் டிஸ்க். என்னுடையதைச் சரிசெய்ய முடியவில்லை. அதனால் பொன்னேரிக்காரரின் டிஸ்க்கைக் கழற்றி என் பைல்களை ஏற்றி எனக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். டிஸ்க் இல்லாத அந்த மிஷின் சிடியிலிருந்து ஓட வேண்டும். அதற்கு ரேம் நிறைய வேண்டும். அதற்காகத்தான் என் ரேம் அங்கே போயிருந்தது. நான் கத்தி வாங்கிவந்ததும் அதே ரேம்தான்.

மற்ற பாகங்களையும் திருப்பிப் பார்த்தேன். பவர் சப்ளையில் பச்சை. எப்போது மாறியது என்றே எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பொன்னேரி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். கம்பெனியில் அவர்கள் மிஷினில் மாட்டினார்கள். எந்த மறுப்பும் சொல்லாமல் அது எழுந்து நின்றது, என் பெயரைக் கேட்டது. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொன்னார்கள். என் கை துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது பொன்னேரியில் இறங்கினேன். தாலுக்கா ஆபீஸுக்கு எதிரில், சிபியு அக்கா கட்டிய கம்ப்யூட்டரில் ஒரு அம்மா மனு அடித்துக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவருடைய மானிட்டர் இருட்டாக இருந்தது. பத்துப் பேர் சுற்றி நிற்க, மடியில் அட்டை வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவே மை வழிந்திருந்தது.

"மிஷின் ஓடலையாம்மா?"

"ரேமோ இன்னாவோ, சிபியு அக்கா எடுத்துக்கினு போச்சு. வந்துரும்." நிமிரக்கூட இல்லை. குரலில் கவலையும் இல்லை. "உனக்கு இன்னா மனு? பட்டாவா?"

துண்டைப் பிரித்து டிஸ்க்கைக் காட்டினேன். "இது உங்களுதும்மா."

"எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும் நைனா? அக்காகிட்ட குடு."

கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது அக்கா மேசையில் இருந்தார். டிஸ்க்கை முன்னால் வைத்தேன். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். "சந்தோசம்" என்றார். அது நிஜமான சந்தோஷம்தான், எனக்குத் தெரிந்தது. ஆனால் வழக்கமாக நாற்காலியை இழுத்துப்போடுகிறவர் அன்றைக்கு இழுத்துப்போடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். "ரேமையும் எடுத்துக்கோங்கக்கா" என்று மட்டும் வந்தது.

"அது இன்னாத்துக்கு எனக்கு? சிவப்பு சிவப்புகிட்டயே இருக்கட்டும். ஊதா ஊதாகிட்ட போயிரும்."

டிராயரைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். அடியில் சிவப்புப் புள்ளி. என்னுடைய பழைய டிஸ்க். "மோசமான எடத்தை ஒதுக்கி வச்சிக்கீறேன். கொஞ்ச நாளு ஓடும்." மறுநாள் வேப்பம்பட்டிலிருந்து என் பழைய பவர் சப்ளையும் கடைப்பையன் கையில் வந்து சேர்ந்தது. பச்சைப் பவர் சப்ளையையும் அந்தக் கால்பங்கு ரேமையும் அவனிடமே கொடுத்தனுப்பினேன். அவர் வரவில்லை.

அன்றைக்குத்தான் எங்கள் கம்ப்யூட்டர் முழுக்க எங்களுடையதானது. எல்லாம் சிவப்பு. அது ஓடிய லட்சணத்தைச் சொல்ல வேண்டாம். பர்னஸ் ஏறாத நேரத்தில்கூடச் செத்துச் செத்துப் பிழைத்தது. டிஸ்க்குக்குள் பல்லி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. புது வேலையில் சேருவதற்குள் படித்து முடிக்க வேண்டியது மலைபோல் கிடந்தது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் ஸ்க்ரூக்களை மாட்டவே இல்லை. ரயில்வே கேட் பக்கம் ஏதாவது மொபெட் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன். பால்காரருடையதாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"அந்த அக்கா வந்துச்சுடா."

நான் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

"நான்தான் ரோட்ல பாத்துக் கூப்புட்டேன். புள்ள அந்தச் சத்தத்தையே கேட்டுக்கினு குந்திக்கினு கீது, வந்து பாரேன்னு. வரமாட்டேன்னுதான் சொல்லிச்சு. அப்பால வந்துச்சு. பொடவைய நானே எடுத்துட்டேன்."

"இன்னா எடுத்துக்கினு போனாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? திட்டாதடா."

ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் எண் ஏறியது. அறுபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. அதற்குமேல் போகவில்லை.

"இன்னாடா கொறையுது?" என்றாள் அம்மா. "வந்துருமா?"

நான் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டேன். உள்ளே டிஸ்க் சுற்றுகிற மெல்லிய ஓசை மட்டும் இருந்தது. பல்லி சொல்லவில்லை. பக்கவாட்டுத் தகடு வெறுமனே சாய்த்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. கழற்றி, திருப்பி, அடியில் என்ன நிறம் என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பார்க்கவில்லை. ஸ்க்ரூக்களைத் தேடி எடுத்து மாட்டினேன், இரண்டே சுற்று, கையாலேயே கழற்ற வருகிற மாதிரி.